ஆற்றுக்கு வருஷத்தில் ஒரு நாள்தானா?

தை மாதம் ஐந்தாம் நாள் விழுப்புரம் ஜில்லாவின் ஆற்றங்கரை ஊர்களில் வீட்டில் தங்குவோர் மிகச் சிலர். அன்று ஆற்றுத் திருவிழா. பிடாகம், அரகண்டநல்லூர் முதலிய பெண்ணைக்கரை ஊர்களுக்குச் சுற்றுப்புறத்துத் தெய்வங்களெல்லாம் புறப்பட்டு வந்து தீர்த்தவாரி கொள்ளுகின்றன. சாமியின் பின்னே ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கட்டுச்சோற்றை அவிழ்த்து மணலில் உட்கார்ந்து உண்கிறார்கள். குழந்தைகள் புரளுகின்றன, பெண்கள் கூடிப் பேசுகிறார்கள், தெய்வ நம்பிக்கை இல்லாதவர்களுங்கூட அன்று ஆற்றுக்கு வராமல் இருப்பதில்லை. இந்தத் திருவிழாவுக்கென்றே வந்திறங்கும் சுருளிக் கிழங்கை வாங்கி முடிந்துகொண்டு, வெயில் சாய்ந்த பிறகே வீடு திரும்புகிறார்கள். சங்கராபரணிக் கரையிலும் இதே வழக்கந்தான். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றி, செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் பெயர் பெற்று, வீடூரில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் விழும் அந்தச் சிறு நதியே திண்டிவனத்து ஜனங்களுக்கு அருகிலுள்ள ஆறு.

வெட்டவெளியில் உலாவுவதையும் இயற்கையோடு பொழுது போக்குவதையும் பட்டணத்து நாகரிகர்கள் இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். அதற்கென்று தனிச் செருப்பும் தனிப் பையும் வாங்குகிறார்கள். நமது பாட்டிமார்கள் ஒரு தூக்குச்சட்டியும் ஒரு ஜமுக்காளமும் கொண்டே அதைச் செய்து முடித்தவர்கள். ஆற்றுக்குப் போவது ஜனங்களின் உரிமை என்பதற்கு இதைவிடப் பழைய அத்தாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் நாம் கேட்பது இதுதான்: மற்ற முந்நூற்று அறுபத்துநான்கு நாட்களில் இந்த ஆறு யாருடையது?

கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். வருவாய் இலாகாவின் ஏட்டில் அதன் பெயர் ஆற்றுப் புறம்போக்கு. நீர்வள இலாகாவுக்கு அது ஒரு வாய்க்கால்தலை. கனிம இலாகாவுக்கு அது மணல் குவியல். 1959-ஆம் வருஷத்துச் சிறு கனிமச் சலுகை விதிகளில் 2003-இல் புகுத்தப்பட்ட 38-ஏ என்னும் விதி, ஆற்று மணலை எடுக்கும் உரிமை சர்க்காருக்கு மட்டுமே உண்டென்று வகுத்தது. தனியார் கொள்ளையைத் தடுப்பதற்காகவே அவ்விதி வந்ததென்று சொல்லப்பட்டது. நோக்கத்தைப் பற்றி நாம் வாதிக்க வரவில்லை. ஆனால் காவல்காரனே கடைக்காரனுமாகிவிட்டால் சரக்கைக் காப்பது எப்படி? ஆற்றை விற்கும் கையே ஆற்றைக் காக்கும் கையுமாக இருக்கமுடியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மணல் என்பது வீடு கட்டும் சாமான் மட்டுமன்று. மழை நாலு நாள் பெய்து ஓய்ந்த பிறகும் நீரைத் தன்னுள் அடக்கி வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகின்ற பெரும் தொட்டி அது. நமது பெண்ணை வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதாகத் தோன்றினாலும், கையால் ஊற்றுத் தோண்டினால் முன்பெல்லாம் நீர் சுரந்ததற்குக் காரணம் இதுவே. மணல் போனால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் பாசன வாய்க்காலின் வாய் ஆற்றுக்கு மேலே தொங்கும். வெள்ளம் வந்தாலும் நீர் வாய்க்காலில் ஏறாது. கரையிலுள்ள கிணறுகளும் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். இவ்வளவும் விவசாயிக்குத் தெரியும். திருவிழாவுக்கு வரும் குடும்பத்துக்குத் தெரிவது வேறொன்று. முழங்கால் ஆழமென்று நம்பி இறங்கிய இடத்தில் ஆளுயரக் குழி இருக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்களில் மூழ்கி இறந்த சிறுவர்களைப் பற்றிய செய்தியைப் பத்திரிகைகளில் படிக்காத வருஷமில்லை. ஜனங்கள் ஆற்றை விட்டு விலகுவதற்கு அச்சமும் ஒரு காரணம். விலக விலக, பார்ப்பதற்கு ஆளில்லாத ஆறு லாரிகளின் ஆறாகிறது.

இது நிற்க. தேங்கி நிற்கும் நீருக்கு நமது சர்க்கார் காட்டும் பரிவைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வானூர், மரக்காணம் தாலூகாக்களில் பரந்து கிடக்கும் கழுவெலி ஏரியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. 2024-இல் அதற்கு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச மதிப்பும் கிடைத்தது. நாம் மனமார வரவேற்கிறோம். ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்று 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதை அமல் நடத்துவதில் உள்ள குறைகளைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். ஓடுகின்ற நீருக்கோ அப்படிப்பட்ட சட்டம் ஒன்றுமில்லை. நிற்கும் நீருக்குக் காவலுண்டு, ஓடும் நீருக்குக் காவலில்லை என்பது விசித்திரமான தர்மம்!

ஆற்றை ஆறாகவே வைத்துக் காப்பது சாத்தியமா என்று சந்தேகிப்போருக்கு அமெரிக்காவின் அனுபவத்தைச் சொல்லுகிறோம். ஆற்றுக்கு ஆறு அணை கட்டித் தள்ளிய தேசம் அது. அந்தத் தேசமே 1968-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஒரு சட்டம் செய்தது. காட்டாறுகளையும் எழில்மிகு ஆறுகளையும் காக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். அணை கட்டுவது ஒரு கொள்கையானால், சில ஆறுகளையேனும் கட்டாமல் ஓடவிடுவது அதற்கு ஈடு செய்யும் மற்றொரு கொள்கையாக வேண்டும் என்று அச்சட்டத்தின் முகப்பிலேயே காரணம் கூறப்பட்டிருக்கிறது. முதலில் எட்டு ஆறுகளே அதில் சேர்ந்தன. இன்று 200-க்கும் மேற்பட்ட ஆறுகளில், 13,000 மைலுக்கு மேற்பட்ட நீளம் அதன் காவலில் இருக்கிறது. அந்தப் பெரிய தேசத்து ஆறுகளின் மொத்த நீளத்தில் இது நூற்றில் அரைப் பங்குகூட ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அங்கே ஜனங்களை உள்ளே விடாமல் காப்பதில்லை. ஜனங்கள் வந்து மகிழ்வதும் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் வருவதற்கு முறை உண்டு. ஐடஹோ ராஜ்யத்தில் சால்மன் ஆற்றின் நடுக்கிளையில் படகுப் பயணம் செய்ய ஆசைப்படுவோர், கோடைகாலத்துக்குச் சீட்டுக் குலுக்கி அனுமதி பெறவேண்டும். ஒரு கோஷ்டியில் 24 பேருக்கு மேல் கூடாது. அடுப்பு மூட்டினால் இரும்புத் தட்டில் மூட்டி, சாம்பலைத் திரும்பக் கொண்டுபோகவேண்டும். மனிதர் கழிவையும் பெட்டியில் அடைத்து எடுத்துச் செல்லவேண்டும். கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆற்றுத் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் பிடாகத்து மணலைப் பார்த்தவர்களுக்கு, எது அருவருப்பு என்பது நன்றாகப் புரியும். இலையும் மண்கலயமும் எறிந்த காலத்து வழக்கத்தை, பாலிதீன் பையும் பிளாஸ்டிக் குவளையும் வந்த காலத்திலும் நாம் விடவில்லை. முன்பு எறிந்ததை ஆறு தின்றது. இப்போது எறிவதை ஆடு மாடுகள் தின்கின்றன.

"பெண்ணை எங்கே, காட்டாறு எங்கே?" என்று நமது நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். மைசூர்ப் பீடபூமியில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து கடலூரில் கடல் சேரும் வரையில் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்த ஆற்றைக் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகள் மறிக்கின்றன. பெங்களூர்க் கழிவு வந்து கலப்பதால் ஓசூருக்கருகே நுரை பொங்கி நிற்கும் காட்சியும் எல்லோரும் அறிந்ததே. இதில் காட்டாற்றின் லட்சணம் என்ன மிஞ்சியது என்பது அவர்கள் கேள்வி. இரண்டு பதில் சொல்லுகிறோம்.

அமெரிக்கச் சட்டமே ஆறுகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. மனிதன் கை படாதது ஒன்று; கரை பெரும்பாலும் கெடாமல், அங்கங்கே சாலை வந்து தொடுவது ஒன்று; சாலையும் ரயிலும் சுலபமாக எட்டக்கூடியதாகவும், கரையில் ஊர்கள் உள்ளதாகவும், முன்னொரு காலத்தில் அணையோ திருப்பமோ கண்டதாகவும் இருந்தாலும், ஜனங்கள் உல்லாசமாகப் பொழுதுபோக்கத் தகுந்தது மூன்றாவது. நமது பெண்ணைக்கு இந்த மூன்றாம் வகையே போதும். கன்னியாக இருந்தால்தான் காப்போம் என்று ஆற்றிடம் யாரும் நிபந்தனை போடுவதில்லை.

மற்றொரு பதிலைப் பெண்ணையே சொல்லியிருக்கிறது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணைக் கரை ஊர்கள் நீரில் மிதந்தன. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. அதற்கு முன்னும் ஒரு பாடம் நடந்ததுண்டு. விழுப்புரம் ஜில்லாத் தளவானூருக்கும் கடலூர் ஜில்லா எனதிரிமங்கலத்துக்கும் நடுவே ஏறக்குறைய 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை, திறந்து நாலைந்து மாதம் ஆகுமுன்பே 2021 ஜனவரியில் ஒருபுறம் உடைந்தது. அதே வருஷம் நவம்பர் வெள்ளத்தில் மேலும் சிதைந்தது. 1950-ஐ ஒட்டிக் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் அந்த நவம்பரில் உடைந்தது. குற்றம் யாருடையது என்பதை விசாரணை செய்வோரிடம் விட்டுவிடுகிறோம். இந்த ஆறு இன்னும் அடங்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? வெள்ளம் பரவுவதற்கு இடம் விட்டால் ஆறு தன் வழியே போகும். கரையிலே கட்டடமும் படுகையிலே பள்ளமும் நிரம்பினால் அது வீட்டுக்குள் வரும். ஆற்றுக்கென்று ஒதுக்கும் நிலம் ஜனங்கள் உலாவுவதற்கு மட்டுமல்ல, வெள்ளம் உலாவுவதற்கும் உதவும்.

நமது தேசத்தில் ஆற்றைக் காக்க வழியே இல்லாமற் போகவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சம்பல் ஆற்றின் நீண்ட பகுதி 1979 முதல் முதலைகளுக்கான சரணாலயமாக இருந்து வருகிறது. தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களில் காவிரியை ஒட்டிய காடு 2014-இல் சரணாலயமாயிற்று. ஆனால் இந்தச் சட்டம் விலங்குக்காக ஏற்பட்டது. ஆறு அதில் விலங்கின் வீடு என்ற அளவிலேதான் இடம் பெறுகிறது. சரணாலயம் என்றால் அனுமதியின்றிக் கால் வைக்கலாகாது. மலைக்காட்டுக்கு அது பொருந்தும். ஊருக்கு ஊர் ஒட்டிக் கிடக்கும் பெண்ணைக் கரையிலே மீன் பிடிப்போரும், ஆடு மேய்ப்போரும், துணி வெளுப்போரும், கோரை அறுப்போரும் தினந்தோறும் இறங்கி ஏறுகிறார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு, மோட்டார் காரில் வரும் கனவான்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால், அந்தப் பாதுகாப்பு நமக்கு வேண்டாம்.

உல்லாசப் பயண இலாகாவின் வழியும் வேண்டாம் என்போம். ஆற்றைப் பார்க்கவேண்டுமென்றால் நமது ஜனங்களுக்குச் சாத்தனூர் அணையைக் காட்டுகிறார்கள். பூங்கா இருக்கிறது; பொம்மை இருக்கிறது; வேலிக்குள் முதலை இருக்கிறது. ஓடும் ஆற்றைக் காண்பதற்குப் பதிலாக நிறுத்தப்பட்ட ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறோம். சங்கராபரணியின் கதையோ இன்னும் வேடிக்கை. அதன் முகத்துவாரத்திலே, சுண்ணாம்பாற்றில், புதுச்சேரி சர்க்கார் படகுத்துறை வைத்துக் கட்டணம் வாங்கி ஜனங்களை ஏற்றுகிறது. திண்டிவனத்துக் குடும்பம் பஸ்ஸேறிப் புதுச்சேரி போய், தன் சொந்த ஆற்றையே காசு கொடுத்துக் காண்கிறது. வீட்டுக்கருகே அதே ஆற்றின் கரையில் நடப்பதற்கு ஓர் ஒற்றையடிப் பாதை கிடையாது. இருக்கும் இடத்தில் சீமைக் கருவேல முள்.

திருவக்கரைக்குப் போனவர்கள் இதை அறிவார்கள். சங்கராபரணிக் கரையிலே சந்திரமௌலீசுவரர் கோயில். கொஞ்ச தூரத்திலே கல்லாய்ச் சமைந்த மரங்கள், ஏறக்குறைய இரண்டு கோடி வருஷங்களுக்கு முற்பட்டவை, இந்திய நிலவியல் ஆய்வு இலாகாவின் காவலில் கிடக்கின்றன. இறந்துபோன மரத்துக்கு வேலி இருக்கிறது. அருகே ஓடும் ஆற்றுக்கு நாதியில்லை. அந்த மரங்களை அவ்விடம் கொண்டுவந்து சேர்த்ததே பழங்காலத்து வெள்ளம் என்று நிலநூலார் கருதுகிறார்கள்.

அப்படியானால் வழி என்ன? 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தில் 37-வது ஷரத்து ஒன்றிருக்கிறது. உள்ளூர் ஸ்தாபனங்களைக் கலந்துகொண்டு, ஓர் இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக ராஜ்ய சர்க்கார் அறிவிக்கலாம். ஜனங்களின் வழக்கமான அநுபோகங்களை அது தானாகப் பறிப்பதில்லை. தமிழ்நாட்டில் முதன்முதலாக 2022-இல் மதுரை ஜில்லா அரிட்டாபட்டியை அவ்விதம் அறிவித்தார்கள். பிறகு அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய சர்க்கார் ஏலம் விட்டபோது, கிராம சபைகள் தீர்மானம் போட்டன. ஜனங்கள் மதுரை வரையில் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. சட்டம் மட்டும் அரிட்டாபட்டியைக் காத்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஜனங்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியை அது கொடுத்தது என்பதில் ஐயமில்லை. குன்றுக்குச் செய்ததை ஆற்றுக்குச் செய்யலாகாதென்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

முழு ஆற்றையும் ஒரே நாளில் கேட்பது வீண். அரகண்டநல்லூரிலிருந்து எல்லீஸ் சத்திரம் வரையில் பெண்ணையின் ஒரு பகுதி; வீடூரிலிருந்து திருவக்கரை வரையில் சங்கராபரணியின் ஒரு பகுதி; இவ்விரண்டையும் முதலில் கேட்போம். அரகண்டநல்லூருக்கு எதிரே, திருக்கோவலூர் ஆற்றின் நடுவில், பாரியைப் பிரிந்த கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்த இடமென்று ஜனங்கள் வழிவழியாகக் காட்டும் பாறை நிற்கிறது. தமிழறிந்தவர்கள் காலால் நடந்து வந்து பார்க்கவேண்டிய இடம் அது. ஆனால் 2019-இல் கள்ளக்குறிச்சி ஜில்லா பிரிந்தபின் ஒரு கரை ஒரு கலெக்டருக்கும் மறு கரை மற்றொரு கலெக்டருக்கும் போய்விட்டது. கீழே போனால் கடலூர்க் கலெக்டர். எல்லைக் கோடு ஆற்றின் நடுவே போவதால், மணல் திருட்டைப் பற்றி இக்கரையில் புகார் செய்தால் அக்கரையைக் கேள் என்று பதில் வருவது சுலபமாகிவிட்டது.

தேசத் தொண்டர்களிடம் ஒரு வார்த்தை. மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு சர்க்கார் 2018-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடியது. எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. சரியே. மேலே வரும் நீருக்காகப் பேசத்தான் வேண்டும். அந்நீர் வந்து தங்குவதற்குக் கீழே மணல் இருக்கிறதா என்று மேடையில் கேட்ட தலைவர்கள் எத்தனை பேர்? பக்கத்து ராஜ்யத்தோடு சண்டையிடச் செலவில்லை. சொந்த ஊர் லாரிக்காரரோடு சண்டையிட்டால் தேர்தல் செலவுக்குப் பணம் வராது. இந்தக் கசப்பான உண்மையை எந்தக் கட்சியும் மறுக்கமுடியாது.

ஆற்றுத் திருவிழா ஜனவரி 18 அல்லது 19-ல் வருகிறது. அதற்கு ஒரு வாரம் கழித்து, ஜனவரி 26-ந் தேதி, தமிழ்நாடெங்கும் கிராம சபை கூடுகிறது. இந்த ஒரு வார இடைவெளியைத் தொண்டர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்கு வந்த குடும்பங்களோடு ஆற்றில் நின்று பேசுங்கள். பள்ளங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கரையோரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றிலும் ஒரே வாசகமாகத் தீர்மானம் கொண்டுவாருங்கள்: குறித்த எல்லைக்குள் மணல் எடுக்கலாகாது, ஊர்ச் சாக்கடையை விடலாகாது, கரையில் விடுதியோ கட்டடமோ எழுப்பலாகாது, மோட்டார் வண்டி படுகையில் இறங்கலாகாது, கொண்டுவந்த பொருளைத் திரும்பக் கொண்டுபோகவேண்டும், மீன் பிடிப்போர், மேய்ப்போர் முதலியோரின் பழைய உரிமைகள் நிலைக்கும், கால்நடையாக வருவோர் யாரும் ஜாதி, ஊர் பாராமல், கட்டணமின்றி எந்நாளும் வரலாம். தீர்மானத்தின் நகல் விழுப்புரம், கள்ளக்குறிச்சிக் கலெக்டர்களுக்கும் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கும் தனித்தனியே போகவேண்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க மறவாதீர்கள். பதில் வராவிட்டால் அடுத்த கிராம சபை மார்ச் 22-ந் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுகிறது.